ஜொகூரின் வால்வுகள்: வாங்கியவர்களும் கட்டியவர்களும்

வீட்டிலேயே வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கட்டுவது ஜொகூருக்கு அண்மையில் வந்து ஒட்டிக்கொண்ட வெளியூர் மோகம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது கேட்பதற்குச் சரியாகவே இருக்கும். சுற்றுப்படம் 1950களில் அமெரிக்காவில் வரையப்பட்டது. வால்வு ஸ்லோவாக்கியாவிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வருகிறது. ஸ்கூடாயிலோ கூலாயிலோ ஒரு தாமான் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து அவற்றை ஈயம் வைத்துப் பற்றவைப்பவர், காசும் ஓய்வும் உள்ள ஒருவர். இந்த மண்ணுக்கும் அந்த வேலைக்கும் என்ன உறவு என்று கேட்கிறார்கள். உறவு உண்டு, அது நூறாண்டுப் பழமை உடையது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். மலாயாவில் வால்வின் ஒலி ஆர்வலர்கள் கூடிக் கட்டிய கருவிகளின் வழியாகத்தான் முதலில் கேட்டது. அந்த முயற்சி தொடங்கிய இடம் ஜொகூர். கடையில் வாங்கிவந்து, திறந்து பார்க்காமலே கேட்கும் மூடிய பெட்டி பின்னால் வந்தது. வந்ததும் தனக்கு முன்னால் இருந்ததை மறைத்துவிட்டது. அதனால்தான் இன்று பாகங்களும் கையேடும் அடங்கிய கிட் வாங்கிக் கட்டுகிறவரை நாம் புதுப் பழக்கக்காரராகப் பார்க்கிறோம். உண்மையில் அவர் இங்கே முதலில் இருந்த பழக்கத்துக்குத் திரும்பியிருக்கிறார்.

1921இல் ஜொகூர் அரசின் மின்பொறியாளர் ஏ. எல். பர்ச் மலாயாவுக்கு முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார். பிறகு ஜொகூர் வயர்லெஸ் சங்கத்தை நிறுவி, 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பத் தொடங்கினார். மலேசிய ஒலிபரப்பு வரலாற்றைச் சொல்லும் சுருக்கங்களில் இந்த இரண்டு வரிகளும் தவறாமல் இருக்கும். படிப்பவர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஆனால் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். லண்டனில் பிபிசி ஒலிபரப்பைத் தொடங்கியது 1922 நவம்பரில். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது 1924 ஜூனில். ஆக, பர்ச் கொண்டுவந்த கருவி ஜொகூரை அடைந்தபோது அதில் கேட்பதற்கு இந்த வட்டாரத்தில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. கப்பல்களும் கரைநிலையங்களும் பேசிக்கொள்ளும் மோர்ஸ் ஒலிதான் இருந்தது. நிலையம் இல்லாத ஊரில் வானொலி வைத்திருப்பவருக்கு இரண்டே வழிகள்தாம்: கருவியை மூடி வைப்பது, அல்லது நிலையத்தையும் தானே எழுப்புவது. ஜொகூர்ச் சங்கம் இரண்டாவது வழியில் போனது. 300 மீட்டர் என்பது ஏறத்தாழ 1,000 கிலோஹெர்ட்ஸ். அந்த அலையை எழுப்ப ஒரு வால்வு, குழாய்மேல் கையால் சுற்றிய கம்பிச்சுருள், மின்தேக்கி, அமில பேட்டரி, இவற்றுக்கெல்லாம் மேலாகச் சுற்றுப்படத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் வால்வுக்குள் இரு மின்முனைகளுக்கு நடுவே ஒரு கம்பிவலையை நுழைத்தாரே, அந்த வலைக்குக் கொடுக்கும் சிறு மின்னழுத்தம் பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைக்கிறது என்பதுதான் அன்றைய ஒலிபரப்பிக்கும் அடிப்படை, இன்றைய கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் அடிப்படை.

ஜொகூர் இதில் தனித்த விதிவிலக்கு என்று சொல்ல முடியாது. தமிழர் வாழ்ந்த பிற துறைமுகங்களை ஒப்பிட்டால் ஒரு பொதுப்போக்கு தெரிகிறது. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். ஜூலை 31 அன்று 40 வாட் ஒலிபரப்பி ஒன்றிலிருந்து ஒலி கிளம்பியது. பணமில்லாமல் 1927இல் கழகம் நின்றபோது கருவி சென்னை மாநகராட்சிக்குக் கொடையாகப் போனது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 அன்று அதை மீண்டும் பேசவைத்தது. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938இல்தான். கொழும்பில் தந்தித்துறைத் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய ஊழியர்களும், முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பியைக் கட்டினார்கள். தந்தி அலுவலகத்தின் ஓர் அறையிலிருந்து இசைத்தட்டுப் பாடல்கள் சோதனையாக ஒலித்தன. முறையான கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 அன்று பிறந்தது. மூன்று ஊர்களிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் ஆர்வலர் அல்லது பொறியாளர், பிறகு சங்கமோ அலுவலகத்தின் ஓர் அறையோ, கடைசியில்தான் அரசும் நிறுவனமும். தொழிற்சாலையில் செய்த பெட்டியை மக்கள் வாங்கத் தொடங்கியது அதற்கும் பின்னால்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பர்ச் காலனி ஆட்சியின் ஊழியர். வயர்லெஸ் சங்கங்கள் கிளப்புகளில் மாலைப்பொழுதைக் கழித்த ஐரோப்பியர்களுக்கு உரியவை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய தமிழருக்கும் லயத்து வீட்டுக்கும் இதில் பங்கே இல்லை. பிறகு இதை எப்படி ஜொகூர் மக்களின் மரபு என்று சொல்வது? இதன் முதல் பாதியை மறுப்பதற்கில்லை. சங்கப் பதிவுகள் அதிகாரிகளின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. ஆனால் வால்வுக் கருவி என்பது வாங்கி வைத்தால் தானாக ஓடுகிற பொருள் அன்று. அமில பேட்டரிக்கு அடிக்கடி மின்னேற்ற வேண்டும். ஏரியல் கம்பியை உயரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். மின்னலுக்குத் தரைக்கம்பி இறக்க வேண்டும். வால்வு தளர்ந்தால் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். மலாயாவின் ரயில்வேயிலும் அஞ்சல் தந்தித் துறையிலும் பொதுப்பணித் துறையிலும் யாழ்ப்பாணத் தமிழரும் இந்தியரும் நிறைந்திருந்தார்கள். தோட்டத்து ஆலையில் எஞ்சினை ஓட்டியவர்களிலும் நம்மவர் இருந்தார்கள். கருவியின் சொந்தக்காரர் ஒருவர், அதை உயிரோடு வைத்திருந்தவர் வேறொருவர். தொழில்நுட்பம் ஒரு நாட்டில் வேர்பிடிப்பது இரண்டாமவர் கையில்தான் என்பது என் உறுதியான கருத்து. பழுதுபார்ப்பவர் ஒவ்வொரு முறையும் கருவியைப் பாதி கட்டிப் பழகுகிறார். பத்துப் பெட்டிகளைத் திறந்து மூடியவருக்குப் பதினொன்றாவதைப் புதிதாகவே கட்டத் தெரிந்திருக்கும்.

1930இல் கோலாலம்பூரின் மலாயா வயர்லெஸ் சங்கம் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து 325 மீட்டரில் ஒலிபரப்பியது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இதே போன்ற முயற்சிகள் நடந்தன. ஆனால் 1937 மார்ச்சில் சிங்கப்பூரின் கால்டெகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் திறக்கப்பட்டதும் காற்றலை உரிமம் பெற்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. மூன்று ஆண்டுகளில் அதையும் அரசு எடுத்துக்கொண்டது. அனுப்புவது ஒருவர் வேலை, கேட்பது மற்றவர் வேலை என்ற பிரிவினை அப்போது உண்டாகிவிட்டது. ஆர்வலர்களின் அனுப்பும் உரிமை சுருங்கியது; கேட்கும் கருவியைத் திறந்து பார்க்கும் பழக்கம் மட்டும் தொடர்ந்தது.

அந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஜப்பானிய ஆட்சிக்காலம் காட்டியது. 1942 ஜனவரியில் ஜொகூர் வழியாகப் படை இறங்கி, பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபின், வானொலிப் பெட்டிகளைப் பதிவுசெய்து, அவற்றின் சிற்றலைப் பகுதியைச் செயலிழக்க வைக்கும்படி ஆணை வந்தது. எதிரி நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது சித்திரவதைக்கும் மரணத்துக்கும் உரிய குற்றமாயிற்று. பேராக்கின் பாப்பான் ஊரில் சிபில் கார்த்திகேசு, கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசுவுடன் மருந்தகம் நடத்திக்கொண்டே, ‘ஜோசஃபின்’ என்று பெயர் சூட்டிய வானொலியில் பிபிசி கேட்டுச் செய்தியைப் பரப்பினார். காட்டிலிருந்த போராளிகளுக்கு வைத்தியமும் பார்த்தார். 1943இல் பிடிபட்டு அனுபவித்த கொடுமைகளின் விளைவாகவே 1948இல் உயிர்நீத்தார். கூச்சிங்கின் பத்து லிந்தாங் முகாமில் போர்க்கைதிகள் செய்தது இதைவிட வியப்பானது. கண்ணில் பட்ட தகரம், மைக்கா, கம்பி இவற்றிலிருந்து ஒரு வானொலியைக் கட்டினார்கள். கருக்கிய சிங்கோனா மரப்பட்டையை ஒரு துண்டுச் சரட்டில் ஏற்றி மின்தடையாக்கினார்கள். ‘கிழவி’ என்ற பெயரில் அது போர் முடியும்வரை செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. கருவியை வாங்கத் தெரிந்தவனிடமிருந்து கருவியைப் பறித்துவிட்டால் அவன் செவிடாகிறான். கட்டத் தெரிந்தவனைச் செவிடாக்க அவன் தலையை வெட்டவேண்டியிருந்தது. வீட்டில் வால்வுக் கருவி கட்டுவது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள், இந்த மண்ணில் அந்த அறிவுக்கு மக்கள் கொடுத்த விலையை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகள்தான் வால்வுக் கைவினையின் செழிப்பான காலம். அதற்குக் காரணங்கள் தெளிவானவை. படைகள் கழித்துவிட்ட வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் மீட்டர்களும் உலகமெங்கும் மலிவாகக் கொட்டிக்கிடந்தன. அமெரிக்காவின் மிச்சிகனில் ஹீத் நிறுவனம் 1947இல் போர்க்கால மிச்சப் பாகங்களைக் கொண்டு ஓர் ஆசிலாஸ்கோப் கிட்டை 39.50 டாலருக்கு விற்றது. ‘ஹீத்கிட்’ என்ற பெயரும், எந்தத் திருகை எந்தத் துளையில் பூட்டுவது என்று படிப்படியாகச் சொல்லும் கையேட்டு முறையும் அங்கே பிறந்தன. சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தையில் படைக்கழிவுப் பொருள்கள் தெருவில் பரப்பிக்கிடந்தன. 1930களில் முளைத்த அந்தச் சந்தை 2017 ஜூலை வரை நடந்தது. கடற்பாலத்தைத் தாண்டினால் போதும், ஜொகூர்க்காரருக்கும் அது எட்டும் தொலைவுதான். இன்னொரு காரணத்தை நான் இவற்றைவிட முக்கியமாகக் கருதுகிறேன்: அன்றைய நிறுவனங்கள் தங்கள் சுற்றுகளை ஒளிக்கவில்லை. டி. டி. என். வில்லியம்சன் வடிவமைத்த 15 வாட் ஆம்ப்ளிஃபயர் 1947 ஏப்ரல், மே மாத ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழ்களில் முழுமையாக அச்சாகி, கட்டத் தெரிந்த யாருக்கும் சொந்தமாயிற்று. முல்லார்ட் நிறுவனம் ஐந்து வால்வில் பத்து வாட் தரும் சுற்றை 1954இல் வெளியிட்டு, பிறகு அதுபோன்ற சுற்றுகளை ஒரே நூலாகத் தொகுத்தது. வால்வு விற்க வேண்டுமென்றால் வால்வை வைத்து என்ன கட்டலாம் என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வணிகக் கணக்குதான் என்றாலும் அதனால் அறிவு பரவியது.

அதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலும் ஒரு போக்கு இருந்தது. 1949இல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தொடங்கிய ரீடிஃபியூஷன் சேவை கம்பி வழியாக வீட்டுக்குள் ஓர் ஒலிபெருக்கியை மட்டும் கொண்டுவந்து வைத்தது. வால்வு நிறுவனத்தின் நிலையத்தில் இருந்தது; வீட்டுக்காரருக்குத் திறக்கவும் திருத்தவும் ஒன்றுமில்லை. அவசரகாலத்தில் அரசு புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் வைத்த சமூக வானொலிகளும் அப்படித்தான்: கேட்பதற்காக வைத்தவை, தொடுவதற்காக அல்ல. ஒலியை மக்களுக்குக் கொடுத்துக் கருவியை மறைக்கும் வழக்கம் டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்பே இங்கே தொடங்கிவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கிட்டார் இந்தக் கதைக்குள் வருவது 1961இல். அந்த ஆண்டு கிளிஃப் ரிச்சர்டும் ‘தி ஷேடோஸ்’ குழுவும் சிங்கப்பூரின் ஹேப்பி வேர்ல்ட் அரங்கில் வாசித்தார்கள். பாடகருக்குப் பின்னால் நின்ற கிட்டார்க் குழுவே தனித்துக் கேட்கத்தக்கது என்று இந்த வட்டாரத்து இளைஞர்களுக்குத் தெரிந்தது அப்போதுதான். சில ஆண்டுகளில் ‘கூகிரான்’ எனப்படும் கிட்டார்க் குழுக்கள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் ஊருக்கு ஊர் முளைத்தன. ‘பாப் யே யே’ இசை பிறந்தது. சற்றுப் பின்னால் பினாங்கிலிருந்து ஆறுமுகம் சகோதரர்களின் ‘ஆலிகேட்ஸ்’ கிளம்பி மலாய் பாப் இசையின் உச்சிக்கே போனது. ஷேடோஸ் பயன்படுத்திய வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு வால்வு ஈஎல்84. இது கவனிக்க வேண்டிய செய்தி, ஏனென்றால் அதே ஈஎல்84தான் முல்லார்டின் பத்து வாட் சுற்றிலும் இருந்தது, ஃபிலிப்ஸ் போன்ற நிறுவனங்களின் வரவேற்பறை வானொலிகளிலும் இருந்தது. அந்த வானொலிகளின் முதுகில் இசைத்தட்டுக் கருவியைச் செருக இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் கிட்டாரின் இணைப்புக் கம்பியைச் செருகினால் ஒலி நேராக வானொலியின் ஒலிப்பகுதிக்குப் போகும். ஒரு முன்பெருக்கக் கட்டத்தைச் சேர்த்துவிட்டால் அந்த வானொலியே கிட்டார் ஆம்ப்ளிஃபயர். மேடையில் ஜொலித்த விலையுயர்ந்த கருவிக்கும் வீட்டு அலமாரியில் இருந்த பெட்டிக்கும் நடுவே இருந்த தொலைவு அவ்வளவுதான். அந்தத் தொலைவைக் கடக்கத் தெரிந்தவர் மூலைக்கடை ரேடியோ மெக்கானிக். அவர் தெரிந்துவைத்திருந்த இன்னொன்றும் உண்டு: மின்மாற்றி இல்லாமல் நேரடியாக மின்இணைப்பில் ஓடும் மலிவான பெட்டிகளில் பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸே உயிர்மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும். அவற்றில் கிட்டாரை மாட்டினால் கம்பியைத் தொடுபவர் செத்துப்போகலாம். எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்பது அறிவின் சரிபாதி. சுற்றுப்படம் மட்டும் அதைத் தராது.

‘கிட் கட்டுவது படைப்பாகுமா? யாரோ வரைந்ததை, யாரோ துளையிட்ட சேசிஸில், யாரோ எழுதிய வரிசைப்படி பற்றவைப்பதுதானே?’ என்பது அடுத்த மறுப்பு. இதற்கு விடை ஆம்ப்ளிஃபயரின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. லியோ ஃபெண்டர் 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தவர். வால்வு நிறுவனங்களின் கையேடுகளில் அச்சான சுற்றுகளோடு பழகி வளர்ந்தவர். அவருடைய நிறுவனத்தின் 1959ஆம் ஆண்டு ‘பாஸ்மேன்’ ஆம்ப்ளிஃபயரை, லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடன் இருந்த கென் பிரானும் டட்லி கிரேவனும் 1962இல் அப்படியே நகலெடுக்க முனைந்தார்கள். அமெரிக்கப் பாகங்கள் கைக்கு எட்டவில்லை; எட்டியதைப் போட்டார்கள். முதல் கட்டத்தில் பெருக்கம் கூடிய வால்வு வந்தது, டிரான்ஸ்ஃபார்மர் வேறானது, பத்தங்குல ஒலிபெருக்கிகள் திறந்த பெட்டியில் இருந்த இடத்தில் பன்னிரண்டு அங்குல செலஸ்டியன்கள் மூடிய பெட்டியில் உட்கார்ந்தன. நகலெடுக்கப் போனவர்கள் ராக் இசையின் இன்னொரு குரலோடு வெளியே வந்தார்கள். வரிசைப்படி கட்டுவது என்பது ஒரு சுற்றை விரல்களால் படிப்பது. படித்து முடித்தவர் அடுத்தமுறை ஒரு மின்தடையின் மதிப்பை மாற்றுவார், ஏன் மாற்றினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஃபெண்டரின் ‘சாம்ப்’ போன்ற சிறு சுற்றில் வால்வுகளே மூன்றுதான்: முன்பெருக்கத்துக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று, மின்சாரத்தை ஒருவழிப்படுத்த ஒன்று. ஏறத்தாழ ஐந்து வாட். இவ்வளவு சிறிய கருவிக்குள் ஒலிப்பெருக்கத்தின் அடிப்படை முழுவதும் அடங்கியிருப்பது அதன் பெருமை.

லண்டன் மாற்றியதைப் போலவே ஜொகூரும் மாற்றுகிறது, மாற்றியே ஆகவேண்டும். அமெரிக்கச் சுற்று எதிர்பார்ப்பது 120 வோல்ட்டுக்கு அருகிலான, 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதிர்வெண் குறைந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் கூடுதல் காந்தச்சுமையைத் தாங்க வேண்டும்; 50 ஹெர்ட்ஸுக்கென்று செய்யாததைப் போட்டால் சூடேறும். மின்சாரத்தைவிடப் பெரிய சிக்கல் காற்று. ஆண்டு முழுதும் ஈரம் கனத்த காற்று இது. பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்களின் பாகங்களைத் தாங்கிய மெழுகேற்றிய நார்ப்பலகை ஈரத்தை உறிஞ்சினால் அதுவே மெல்ல மின்கடத்தியாகி, நூற்றுக்கணக்கான வோல்ட் உள்ள புள்ளியிலிருந்து வலைமுனைக்கு மின்சாரம் கசியும். ஆம்ப்ளிஃபயர் காரணம் தெரியாமல் இரையும், பொரியும். கார்பன் கலவை மின்தடைகள் ஈரத்தில் மதிப்பு மாறும். காகித மின்தேக்கிகள் கசியும். பிரிட்டிஷ் படைகள் இதைப் பட்டே கற்றுக்கொண்டன. வெப்பமண்டலக் காடுகளில் கருவிகள் வரிசையாகச் செத்தபின் பாகங்களை அடைத்து மெருகிட்டு ஈரத்துக்கு ஈடுகொடுக்கச் செய்யும் தரவிதிகள் போர்க்காலத்தில் உருவாயின. ஆகவே இங்கே கட்டுபவர் ‘1950களின் அசல் அமைப்பு’ என்ற விளம்பரத்துக்கு மயங்காமல், கண்ணாடியிழைப் பலகையும் உலோகப்படல மின்தடையும் பிளாஸ்டிக் படல மின்தேக்கியும் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. கிட் வெளியூர்ச் சரக்கு என்பவர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதில்லை. பெட்டிக்குள் வந்தது வெளியூர்; அது ஜொகூரில் பத்தாண்டு உழைப்பதற்காகக் கட்டுபவர் எடுக்கும் முடிவுகள் உள்ளூர். பர்ச்சின் காலத்திலும் வால்வு கப்பலில்தான் வந்தது. மலாயாவில் யாரும் வால்வு ஊதவில்லை.

கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு 1941இல் ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குச் செய்துகாட்ட முடியும் என்று அறிவித்தார். அந்தத் துணிவுக்கு ஈடான ஒன்று மலாயாவில் எழவில்லை. இங்கே பாகங்களைப் பூட்டும் தொழில் 1970களுக்குப் பின் பெரிய அளவில் வந்தது, ஆனால் வேறு உருவில். செனாயிலும் பாசிர் கூடாங்கிலும் வளர்ந்த தொழிற்பேட்டைகளில் தோட்டத்து வீடுகளிலிருந்து போன பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மின்னணுப் பலகைகளைக் கையாண்டார்கள். இதைச் சுட்டிக்காட்டி, ‘ஜொகூரின் மின்னணு அறிவு தொழிற்சாலையில் வாழ்கிறதே, வீட்டுப் பின்கட்டில் எதற்கு?’ என்று கேட்கலாம். ஆனால் வரிசையில் நின்று ஒரே வகைப் பாகத்தை ஆண்டுக்கணக்கில் செருகியவருக்கு, கடைசியில் வெளிவரும் பொருள் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அவர்களுடைய கைத்திறன் உயர்ந்தது. அந்தத் திறனுக்கு முழுச் சுற்றையும் காட்டாமல் வைத்தது முறையின் குற்றம். அதே காலத்தில் வால்வுத் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக மூடின. ஆர்சிஏ 1976இல் நிறுத்தியது. முல்லார்டின் பிளாக்பர்ன் ஆலை 1980களின் தொடக்கத்தில் நிறுத்தியது. இன்று ரஷ்யாவின் சராத்தோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, சீனா ஆகிய இடங்களை நம்பித்தான் உலகக் கிட்டார்க்காரர்கள் இருக்கிறார்கள். 2022இல் உக்ரைன் போரையொட்டி ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது விலை எகிறியது. அது உண்மையான பலவீனம்தான், மறைக்க வேண்டியதில்லை.

வால்வின் ஒலிதான் உயர்ந்தது என்று வாதாடி இந்தக் கைவினையைக் காக்க நான் முயலவில்லை. அளவுக்கு மேல் உந்தப்படும் வால்வு அலையின் முகட்டை மெல்ல மழுக்குகிறது, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரும் ஒலிபெருக்கியும் அதோடு சேர்ந்து விரலின் அழுத்தத்துக்குப் பதில் சொல்கின்றன. இசைக்கலைஞர் விரும்புவது அதை. ஆனால் இன்றைய கணினிச் சில்லுகள் அந்த நடத்தையை மிக நன்றாகவே போலச்செய்கின்றன. அதை மறுத்து வாதாடுவது வீண்வேலை. சில்லினால் முடியாதது ஒன்று: தன்னைத் திறந்து காட்டுவது. சாம்ப் சுற்றின் எந்தப் புள்ளியிலும் மல்டிமீட்டரை வைத்து, இருக்கவேண்டிய வோல்ட் இதுதானா என்று பார்க்கலாம். தவறு எங்கே என்று பதினாறு வயதுப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கலாம். சில்லு பழுதானால் பெட்டியைத் தூக்கிப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆபத்து என்ற மறுப்பைத்தான் நான் மிகக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கருவிகளுக்குள் 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்சாரம் ஓடுகிறது. மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டி மின்தேக்கிகள் உயிரைக் குடிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கலாம். கட்டி முடித்ததும் நேரடியாக மின்சாரம் கொடுக்காமல் ஓர் இழைபல்பைத் தொடராகச் சேர்த்து ஏற்றிப் பார்ப்பது, மின்தேக்கிகளை மின்தடை வழியாகக் காலிசெய்து மீட்டரில் உறுதிசெய்வது, உயிரோடிருக்கும் சேசிஸுக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்து மறுகையை விலக்கி வைப்பது, தரைக்கம்பியைச் சேசிஸில் இறுகப் பூட்டுவது ஆகியவை பழைய ரேடியோக் கடைகளில் வாய்வழியாகவும் அதட்டலாகவும் கைமாறிய பாடங்கள். அந்தக் கடைகள் குறைந்துபோனதால் பாடம் சொல்லும் வாய்களும் குறைந்துவிட்டன. கிட்டின் கையேடு இதை எழுதித்தான் வைத்திருக்கிறது, ஆனால் பக்கத்தில் நின்று கையைத் தட்டிவிட ஆளில்லை. ஆகவே முதன்முறை கட்டுபவர் தனியாகக் கட்டக் கூடாது. ஊரில் மிஞ்சியிருக்கும் பழைய மெக்கானிக் ஒருவரைத் தேடிப்பிடித்து, முதல் மின்னேற்றத்தை அவர் முன்னிலையில் செய்ய வேண்டும். ஜொகூரின் தொழில்நுட்பக் கல்லூரிகள் அப்படிப்பட்டவர்களை மாதத்தில் ஒருநாளாவது பட்டறைக்கு அழைத்தால் இரு தரப்புக்கும் நல்லது.

1950களின் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்தால், சேசிஸின் உட்புறம் ஒட்டிய ஒரு துண்டுக் காகித நாடாவில் அதைப் பற்றவைத்த பெண்ணின் பெயர் கையெழுத்தில் இருக்கும்: லூப்பே, லில்லி என்பன அப்படிக் காலத்தைத் தாண்டி வந்த பெயர்கள். அவர்களில் பலர் மெக்சிக்க வழிவந்த தொழிலாளர்கள். நிறுவன வரலாற்றில் இல்லாதவர்களை அந்த நாடா காப்பாற்றியது. மலாயாவில் பேட்டரி ஏற்றியவருக்கும் ஏரியல் கட்டியவருக்கும் ரேடியோ திறந்து மூடியவருக்கும் அப்படியொரு நாடா இல்லாமல் போயிற்று. இன்று ஜொகூரில் கட்டப்படும் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரின் உள்மூடியிலும் கட்டியவர் பெயர், ஊர், தேதி, ஒவ்வொரு வால்வு முனையிலும் அளந்த வோல்ட், அசல் சுற்றிலிருந்து மாற்றிய பாகங்கள் ஆகியவை தமிழிலோ மலாயிலோ எழுதி ஒட்டப்பட வேண்டும். முப்பது ஆண்டு கழித்து அதைப் பழுதுபார்க்கத் திறப்பவருக்கு முதலில் தேவைப்படப்போவது அந்தத் தாள்தான்.